முழங்கை நோகும் நாய்

வீட்டு நாய் முன்னங்காலை நொண்டத் தொடங்கினால் நம்மவர் முதலிற் செய்வது, பாதத்தைத் தூக்கி முள்ளைத் தேடுவது. முள் அகப்படாவிட்டால், எங்கேயோ பிசகிவிட்டது என்று தீர்மானித்து, நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவி, நாலு நாளிற் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவர். அவ்வாறே சரியாகிவிடுவதும் உண்டு. ஆயினும் ஐந்து மாதக் குட்டியொன்று, விழவுமில்லை, அடிபடவுமில்லை, வாரக்கணக்காக வருவதும் போவதுமாய் நொண்டுகிறதென்றால் பாதத்தை விட்டுச் சற்று மேலே நோக்கவேண்டும். குறை முழங்கையில் இருக்கக்கூடும்.

நாய்க்கு முழங்கையா என்று மாணவர்கள் நகைக்கலாம். நாயின் முன்னங்காலில் முட்டியைக் காட்டு என்று கேட்டால் பெரும்பாலார் தரைக்கு அண்மையில் மடங்கும் மூட்டையே காட்டுவர். அது நமது மணிக்கட்டுக்கு ஒப்பானது. நாய் உள்ளங்கையை ஊன்றி நடப்பதில்லை. விரல்களை ஊன்றியே நடக்கிறது. ஆதலின் மணிக்கட்டு தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. முழங்கையோ நெஞ்சோடு ஒட்டினாற்போல் விலாவின் அருகில் அமைந்திருக்கிறது. நிற்கும் நாயைப் பக்கவாட்டிற் பார்த்தால், மார்பின் அடிப்பக்கத்துக்கு நேராகப் பின்னோக்கித் துருத்தும் கூர் ஒன்று தெரியும். அதுதான் முழங்கையின் முனை. நாயின் உடற்பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்களிலேயே தங்குகிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

இம்மூட்டில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. தோளிலிருந்து இறங்கிவருவது ஒன்று. மணிக்கட்டிலிருந்து மேலேறி வருவன இரண்டு. கதவின் கீலைப்போல ஒரே போக்கில் மடங்கி நிமிரவேண்டிய மூட்டு இது. கீழிருந்து வரும் இரண்டு எலும்புகளும் வளரும் பருவத்தில் ஒன்றுக்கொன்று ஈடாக வளர்ந்தால்தான் கீல் பொருந்தும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் மூட்டின் தளத்தில் ஒரு சிறு படி உண்டாகிறது. ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் உயரந்தான். ஆனால் பாரம் அந்தப் படியின் விளிம்பிலே போய் இறங்குகிறது. லப்ரடோர்க் குட்டியொன்று அரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து, ஒரு வருடத்துக்குள் இருபத்தைந்து முப்பது கிலோ நாயாகிவிடுகிறது. அத்தனை வேகமான வளர்ச்சியில் எலும்புகளின் கணக்குச் சிறிது பிழைப்பது அதிசயமன்று.

பிழைக்கும் விதம் எல்லா நாய்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. சிலவற்றில் மூட்டின் உட்பக்கத்திலுள்ள சிறு எலும்பு முனை வெடித்து, துண்டாகப் பிரிந்துவிடும். லப்ரடோர், ரொட்வீலர் முதலிய இனங்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. சிலவற்றில் முழங்கையின் பின்புறத்துக் கொக்கி போன்ற பகுதி, ஐந்து மாதமளவில் தாயெலும்போடு ஒட்டிக்கொள்ளவேண்டியது, ஒட்டாமல் அசைந்துகொண்டே நின்றுவிடும். இது அல்சேஷன் நாய்களுக்கு அதிகம். (அல்சேஷன் என்று நாம் சொல்வது ஜெர்மன் மேய்ப்பு நாயைத்தான். முதலாம் உலகப் போரின் பின் ஜெர்மனியின் பெயரை வாயாற் சொல்ல விரும்பாத ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. போர் முடிந்து நூறு வருடம் கடந்தும் நம் நாட்டில் மறையவில்லை.) இன்னும் சிலவற்றில் எலும்பின் தலையை மூடியிருக்கும் குருத்தெலும்பு உரிந்து மடல்போலத் தொங்கும். எப்படித் தொடங்கினும் முடிவு ஒன்றே. வழுவழுப்பாக இருக்கவேண்டிய மூட்டு கரடுமுரடாகி, வீங்கி, விளிம்புகளிற் புது எலும்பு முளைத்து, காலப்போக்கில் மூட்டுவாதமாக நிலைத்துவிடுகிறது.

கொக்கி ஒட்டாத நிலையை வைத்தியர்கள் 1960ஆம் ஆண்டையொட்டியே விவரித்துவிட்டார்கள். உட்பக்க முனை உடைவதை 1970களின் நடுப்பகுதியில் விளக்கியவர்களுள் சுவீடன் தேசத்து மிருக வைத்தியரான ஸ்டென்-எரிக் ஒல்சன் முக்கியமானவர். பின்னர் 1989இல் இந்நோயை ஆராய்வதற்கென்றே ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. எக்ஸ்றேப் படத்தைப் பார்த்து, குறையற்ற முழங்கைக்குப் பூச்சியமும் மிக மோசமானதற்கு மூன்றும் என்று புள்ளியிடும் முறை அக்குழுவினால் வகுக்கப்பட்டது. பள்ளிக்கூடப் புள்ளிக்கு நேர்மாறான இந்தக் கணக்கில் பூச்சியம் வாங்குவதே பெருமை.

அறிகுறிகள் பெரும்பாலும் நாலாம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில் தோன்றும். படுத்து எழும்போது கால் விறைத்திருக்கும். பத்தடி நடந்தபின் சற்று இளகும். நீண்ட ஓட்டத்தின் பின் நொண்டல் அதிகமாகும். நாய் நேரே நம்மை நோக்கி மெதுவாக நடந்துவரும்போது தலையைக் கவனிக்கவேண்டும். நோகும் கால் தரையிற் படும்போது தலை மேலெழும். நல்ல கால் படும்போது தாழும். இரண்டு முழங்கையும் ஒருங்கே பழுதாவது இந்நோயில் மிகச் சாதாரணம். அப்போது ஒரு கால் மற்றக் காலைக் காட்டிக்கொடுக்காது, நொண்டலே தெரியாது. குட்டி சோம்பேறி என்று வீட்டார் ஏசுவர். முன்பாதங்கள் வெளிப்புறமாகத் திரும்பியிருப்பதும், விளையாட்டில் மற்றக் குட்டிகளுக்கு முன்னதாகவே படுத்துவிடுவதுமே அங்கே அடையாளம். வேதனையிற் கத்தும் நாய் குறைவு. வேதனையைச் சகித்துக்கொண்டு வாலையும் ஆட்டும் நாயே அதிகம்.

ஒரு எச்சரிக்கையை இவ்விடத்திற் சொல்லாமல் விடுவதற்கில்லை. நமது நாட்டில் விசர்நாய்க்கடி இன்னும் ஒழியவில்லை. நடை திடீரென மாறி, வாயில் நீர் ஒழுகி, சுபாவமும் மாறிய நாயை, அதிலும் தெருநாயை, மூட்டு நோய் என்றெண்ணித் தொட்டுப் பார்க்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சலும் மூட்டுகளில் நோவை உண்டாக்கும். ஆகையால் நொண்டல் எல்லாம் முழங்கை நோய் என்று முடிவுகட்டுவதும் தவறு.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டுக்குள் நாய் வளர்ப்பவர் அரிது. ஆயினும் கடற்கரையை விட்டு மேற்கே சென்றால் சம்மாந்துறை வட்டையில் வயல் வாடிகளுக்கும், மாட்டுப் பட்டிகளுக்கும், நெல் ஆலைகளுக்கும் நாயின்றிக் காவல் இல்லை. அத்தகைய ஆலையொன்றில் ஏழு மாத அல்சேஷன் ஒன்றைக் கண்டோம். பகலெல்லாம் சீமெந்துத் தரையிற் கட்டப்பட்டு, இரவில் அவிழ்த்து விடப்பட்டு, வேளைக்கு ஒரு சட்டி சோறு தின்று, வயதுக்கு மீறிப் பருத்திருந்தது. காவற்காரர் தாம் தலையிடிக்கு விழுங்கும் பனடோலையே இரண்டு வாரமாக அதற்கும் கொடுத்து வந்தார். உடைமையாளரோ, நொண்டி நாயைக் கட்டிச் சோறு போடுவதில் என்ன பயன், கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவ்வாறு விடப்பட்ட நாய்கள் மீன் வாடிகளைச் சுற்றித் திரிவதை அக்கரையோரத்தில் எவரும் காணலாம். அவருடைய தாயார் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாய் குரைக்கிறது வாயாலதானே மகன், காலாலயா?" என்றார். அந்த ஒரு கேள்வி நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. படம் பிடித்துப் பார்த்ததில் இரண்டு முழங்கையிலும் குறை இருந்தது.

உண்மையில் அந்த மூதாட்டியின் கேள்விக்குப் பின்னால் ஒரு மரபு உண்டு. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரினால், கழுவவேண்டும். இது வெளியார் பலருக்குத் தெரியும். வயலையும் மந்தையையும் காக்க நாய் வைத்திருக்க அதே மார்க்கம் இடமளிக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தமது காலணியில் நீர் முகந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிமொழி கூறுகிறது. குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்துக் குகைவாசிகளோடு இருந்த நாயும் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாகவே சொல்லப்படுகிறது. நம் பக்கத்திலோ, நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் வரமாட்டேன் என்று நின்ற தருமரை அறியாதவர் இல்லை. நோயுற்ற நாயைப் பராமரிப்பதில் தொடுகை பற்றிய சங்கடம் உள்ளவர்கள் கையுறை அணிந்துகொள்ளலாம். உலர்ந்த கை உலர்ந்த உரோமத்திற் படுவதால் அசுத்தம் ஒட்டாது என்று உலமாக்கள் விளக்குவதும் உண்டு. ஐயமுள்ளவர் தமது ஊர் மௌலவியைக் கேட்டறிவது நலம்.

இனிச் சிகிச்சை. இந்நோயை வேரோடு அகற்றும் மருந்து கிடையாது. நோவைக் குறைத்து, மூட்டின் தேய்வைத் தாமதப்படுத்தி, நாயைப் பல வருடம் சுகமாக வாழவைக்க முடியும். முதலில் கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டி, படம் பிடித்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்றே எல்லா இடங்களிலும் இல்லை. சிக்கலான நோய்களைப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கல்முனையிலிருந்து மகியங்கனை வழியாக அங்கே செல்வது நாய்க்கும் மனிதருக்கும் அலுப்பான பிரயாணந்தான். ஆயினும் உடைந்த துண்டை அகற்றுவதாயினும், ஒட்டாத கொக்கியைப் பொருத்துவதாயினும் இளமையில், மூட்டு கெடுமுன்னர் செய்தால்தான் பலன் மிகுதி. ஆறு மாதத்திற் போகவேண்டிய இடத்துக்கு ஆறு வருடத்திற் போவதில் அதிக லாபமில்லை. சத்திரசிகிச்சை செய்த நாய்க்கும் பிற்காலத்தில் ஓரளவு மூட்டுவாதம் வந்தே தீரும் என்பதையும் மறைக்கக்கூடாது. குறை இலேசாக இருந்தால் கத்தியின்றியே சமாளிக்கலாம்.

நோ மாத்திரை விஷயத்தில்தான் நம் வீடுகளிற் பெரும் பிழை நடக்கிறது. மனிதனுக்கு நல்லது நாய்க்கும் நல்லது என்பது பொய். பனடோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கவல்லது. மிருக வைத்தியர் சிற்சில வேளை அளவறிந்து கொடுப்பதுண்டாயினும், வீட்டார் கண்ணால் மட்டிட்டுக் கொடுக்கும் மருந்தன்று. பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரைப் போக்கிவிடும். இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். மாட்டுக்குக் கொடுத்த டைக்குளோபெனக், அந்த மாடு செத்தபின் அதன் இறைச்சியைத் தின்ற கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதும், இந்தியா 2006இல் அதை மிருக வைத்தியத்திலிருந்து விலக்கியதும் அறியத்தக்க கதை. ஒரு பிராணியின் மருந்து மற்றொன்றின் நஞ்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாய்களுக்கென்று கார்புரோபென், மெலொக்சிகாம் முதலிய மருந்துகள் இருக்கின்றன. மெலொக்சிகாம் மனிதருக்கும் விற்கப்படுகிறது என்பதால் மருந்துக்கடையில் நேரே வாங்கிக் கொடுத்துவிடலாகாது. அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. வாந்தியோ கரிய மலமோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

மருந்தினும் பெரிய சிகிச்சை ஒன்று சோற்றுச் சட்டியில் இருக்கிறது. அமெரிக்காவில் நாய் உணவு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தார் 48 லப்ரடோர்க் குட்டிகளைக் கொண்டு நடத்திய நீண்ட பரிசோதனையின் முடிவு 2002இல் வெளியாயிற்று. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் காற்பங்கு குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முடியும்வரை அவதானித்தார்கள். குறைவாக உண்டவற்றின் நடுத்தர ஆயுள் 13 வருடம். நிறைய உண்டவற்றுக்கு 11 வருடமும் சில மாதமும். மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் மெலிந்த நாய்களில் ஏறக்குறைய மூன்று வருடம் பிந்தியது. விலைகொடுத்து வாங்கும் எந்தக் குளிசையும் இத்தனை செய்வதாக நாம் கேள்விப்படவில்லை. உணவு விற்பவர்களே உணவைக் குறைக்கும்படி சொல்ல நேர்ந்தது ஒரு வேடிக்கை.

ஆகவே நாயின் விலாவைத் தடவிப் பார்க்கவேண்டும். எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படவேண்டும். ஆனால் தூரத்திலிருந்து கண்ணால் எண்ணக்கூடியதாக இருத்தலாகாது. தட்டுப்படாவிட்டால் சோறு கூடிவிட்டது. கலியாண வீட்டுப் புரியாணி எச்சத்தை அள்ளிப் போடும் பழக்கத்தையும் விடவேண்டும். அதில் நெய்யும் அதிகம், வெந்த எலும்பும் அதிகம். வெந்த எலும்பு முறிந்தால் ஊசிபோற் குத்தும். சூடை மீனை உப்பும் மிளகாயுமின்றி அவித்து, முள் நீக்கிச் சிறிது சேர்ப்பது நன்று. மீனெண்ணெய் மூட்டு வீக்கத்தை ஓரளவு தணிக்கிறது.

வளரும் குட்டிக்கு எலும்பு உறுதிப்படட்டும் என்று கல்சியக் குளிசையை நாள்தோறும் கொடுப்பவர்கள் நல்ல எண்ணத்தோடு தீங்கு செய்கிறார்கள். பேரினக் குட்டியின் குடலுக்கு மிஞ்சிய கல்சியத்தைத் தள்ளிவிடும் ஆற்றல் முதல் ஆறு மாதத்திற் போதாது. கொடுத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஒல்லாந்து தேசத்து ஊற்றெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு 1980களில் செய்த ஆராய்ச்சிகள், கல்சியம் மிஞ்சினால் எலும்பு வளர்ச்சி கோணலாவதை நன்கு காட்டின. வெறுஞ் சோறும் இறைச்சியுமே தின்னும் குட்டிக்குக் கல்சியம் குறைந்து வேறொரு நோய் வருவதும் மெய்யே. அதைத் தீர்க்கவேண்டியவர் வைத்தியர், அண்டை வீட்டாரல்லர்.

நாயை அறவே ஓய வைப்பதும் சரியன்று. தசை மெலிந்தால் மூட்டு இன்னும் தளரும். முதல் நோ தணியும்வரை சில வாரம் கயிற்றிற் பிடித்துச் சிறு நடை. பிறகு நாள்தோறும் ஒரே அளவான நடை. வெள்ளிக்கிழமை முழுவதும் ஓடி, மற்ற ஆறு நாளும் கட்டிக்கிடப்பது மிகக் கெடுதி. பந்தை எறிந்து பாய்ந்து பிடிக்கச் செய்வதும், லொறியின் பின்தட்டிலிருந்து குதிக்க விடுவதும் கூடாது. கடற்கரையில் நடப்பதானால் கால் புதையும் உலர்மணலை விட்டு, அலை நனைத்து இறுகிய மணலில் நடத்தலாம். நீந்துவது பாரமில்லாத உயர்ந்த பயிற்சி என்று மேல்நாட்டார் எழுதுவர். நமது களப்புகளிலும் ஆறுகளிலும் முதலை உண்டென்பது அவர்களுக்குத் தெரியாது. சுனாமியின் பின் எழுந்த வீடுகளிற் பல வழுவழுப்பான தரையோடுகளைக் கொண்டவை. அதில் வழுக்கி முன்கால் அகலும் நாய்க்கு முழங்கை நோ இரட்டிப்பாகும். பழைய பன்பாய் ஒன்றோ, இரண்டு நெற்சாக்குகளோ விரித்தாற் போதும்.

இந்நோய் தாய் தந்தையரிடமிருந்து குட்டிக்கு இறங்கும் தன்மை உடையது. ஒரு தனிக் காரணியால் அன்று, பல காரணிகள் கூடியே இறங்குகிறது. அதனால் நல்ல பெற்றோருக்கும் நோயுற்ற குட்டி பிறப்பதுண்டு. ஆயினும் முழங்கை பழுதான நாயை, அது எவ்வளவு அழகாயினும், இனப்பெருக்கத்துக்கு விடலாகாது. சாதி நாய் என்ற பெருமைக்காக, முதல் ஈற்றுக் குட்டிகளை விற்று வாங்கிய காசை மீட்க வேண்டுமென்ற அவசரத்துக்காக, நொண்டிய நாயையே சேர விடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வயலுக்கும் பட்டிக்கும் காவல் வேண்டுபவர்களுக்கு நாற்பது கிலோ அந்நிய நாய் ஏன் என்பதும் நமக்கு விளங்கவில்லை. யானை வரும் இரவில் குரல் கொடுப்பதற்கு நம்மூர் நாட்டு நாயே போதும். அதற்கு இந்நோய் மிக அரிது.

அல்சேஷனோ லப்ரடோரோதான் வேண்டுமென்பவர்கள், குட்டியின் தாய் தந்தையருடைய முழங்கைப் படம் இருக்கிறதா என்று விற்பவரைக் கேட்கவேண்டும். படம் இல்லையென்றால் தாய் நாயை முற்றத்திற் கயிற்றோடு நடத்திக் காட்டச் சொல்லி, முன்னே நின்று அதன் தலையைப் பார்க்கலாம். தாய் நாயைக் காட்ட இயலாது என்பவரிடம் குட்டி வாங்க வேண்டாம்.